கன்னத்துக்கை அம்மன்

வெயில் உப்பாகிற ஊர் ஒன்று உண்டு. தூத்துக்குடியிலிருந்து தெற்கே போகிற பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, இடது கைப்பக்கம் திடீரென்று கண் கூசினால் அந்த ஊர் வந்துவிட்டது என்று இறங்கிக்கொள்ளலாம். பழையளம் என்று பெயர். கடல்தண்ணீரைப் பாத்தி பாத்தியாகக் கட்டி, அது காய்ந்து வெளுத்ததும் வாரி, கூடையில் ஏற்றித் தலையில் சுமந்து, சாலையோரம் கூரைக்கு மேல் உயரமாக அம்பாரம் அம்பாரமாகக் குவிப்பதும், குவித்ததை லாரி வந்து அள்ளிப்போனதும் மறுபடி குவிப்பதுமாக அந்த ஊர்ப் பெண்களின் காலம் போனது. ஆண்களில் சிலர் லாரி ஓட்டினார்கள், சிலர் பாத்தி கட்டினார்கள், சிலர் டீக்கடையில் உட்கார்ந்து இவ்வளவு உப்பும் எங்கேதான் போகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

யோசிக்கிறவர்களில் கெட்டிக்காரன் இசக்கித்துரை. ஊருக்கு ஒரே மைக்செட்காரனாக இருந்தவன். டவுனிலிருந்து வீடு உயரப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் தலையெடுத்ததும் இவனுடைய குழாய் ஸ்பீக்கர்களைச் சாவு வீட்டுக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. ஆம்ப்ளிபயர் கட்டிலுக்கு அடியில் தூசி தின்றது. வீட்டில் அடுப்பு எரிந்தது அவன் மனைவி சந்தனக்கனி சுமந்த உப்பால்தான். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் சும்மாடு வைத்து, விடியும் முன் அவள் உப்பளத்துக்குப் போவதை யாராவது சொல்லிக்காட்டினால், "வீட்ல சும்மா இருக்க முடியலன்னு போறா, நான் என்ன செய்ய?" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் அவன் முகம் கொஞ்சம் கறுக்கும்.

ஒரு கல்யாணத்துக்கு டவுன் மண்டபத்துக்குப் போனவன், அங்கே சுவரில் பச்சை ஒளியில் பொண்ணு மாப்பிள்ளை பெயர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, பந்தியில் பாயசத்தை மறந்து எழுந்துவந்தான். வந்தவன் அதைத் தானே செய்வது என்று உட்கார்ந்தான். நீட்டினால் ஒரு புள்ளி விழுகிற பச்சை லேசர் விளக்கு ஒன்று. செத்துப்போன இரண்டு கம்ப்யூட்டர்களின் ஹார்ட் டிஸ்க். அதற்குள் மின்சாரம் பட்டால் வெடுக் வெடுக்கென்று திரும்புகிற ஒரு சின்னக் கை இருக்கிறது. அந்தக் கையின் நுனியில் நகம் அளவு கண்ணாடி ஒட்டினால் கண்ணாடியும் திரும்பும். ஒரு கண்ணாடி இடம் வலம் ஆட, அதிலிருந்து தெறிக்கிற ஒளியை வாங்கிக்கொண்டு இன்னொன்று மேலும் கீழும் ஆட, சுவரில் விழுகிற ஒற்றைப் புள்ளி ஓடோடென்று ஓடிக் கோடாகிவிடும், கோடு படமாகிவிடும். பீரோக் கண்ணாடியை வெட்டி ஒட்டியபோது ஒரு புள்ளிக்கு இரண்டு புள்ளி விழுந்தது. ரசம் பின்பக்கம் இருக்கிறதல்லவா, முன்பக்கத்துக் கண்ணாடியும் தன் பங்குக்கு ஒளியைத் திருப்பி அனுப்பியது. பிறகு ஹார்ட் டிஸ்க்கின் பளபளப்பான தட்டையே கத்தரித்து ஒட்டினான்; ஒரே புள்ளி, ஊசிமுனை மாதிரி. இடது ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரை ஒரு கண்ணாடிக்கும் வலது ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரை இன்னொன்றுக்கும் கொடுத்தான். ஆகவே அவன் எந்திரத்தில் படம் என்பது ஒரு சத்தம்தான். வட்டத்தை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் கொசு பாடும், சதுரத்தைக் கேட்டால் கிரைண்டரில் கல் சிக்கியதுபோல் இருக்கும்.

வருகிற ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு, ஊர்த் தெய்வமான அளத்தம்மனை ஒளியில் வரவழைக்கிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டான். உப்பு அம்பாரத்தைவிட வெள்ளையான திரை எந்தச் சினிமா கொட்டகையில் இருக்கிறது? ஊரும் சரி என்றது. ஆனால் காலண்டரில் இருந்த அம்மனுக்கு நகை அதிகம், கை அதிகம், கிரீடத்தில் பூ வேலை அதிகம். அத்தனையையும் ஓடிக் காட்ட முடியாமல் கண்ணாடிகள் திணறின, படம் வெடவெடத்தது. பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரைகிற உருவம் வேண்டும். அவனுக்குக் கோழிக்குஞ்சுகூட வரைய வராது. அதனால் அளத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த சந்தனக்கனியைக் கூப்பிட்டு, விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தி, கையில் ஒரு கம்பைக் கொடுத்து சூலம் மாதிரி உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, சுவரில் விழுந்த நிழலின் ஓரத்தைப் புள்ளி புள்ளியாகக் குறித்து, பாட்டுப் போட வைத்திருந்த கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தான்.

அவள் நின்றாள். பகலெல்லாம் கூடையைப் பிடித்திருந்த கை அது. முதலில் கம்பு ஆடியது, பிறகு தோள் ஆடியது, "கை கடுக்கு, செத்த எறக்கிக்கிடுதேன்" என்று இரண்டு முறை சொன்னாள், அவன் கேட்டானா கேட்கவில்லையா அவனுக்கே தெரியாது, நிழலின் முழங்கை வரைக்கும் வந்திருந்தான், இன்னும் மணிக்கட்டும் சூலமும்தான் பாக்கி, அப்போது அவள் கையைக் கீழே போட்டுவிட்டாள். குறித்த புள்ளியெல்லாம் வீண். அவன் எழுந்து போய் அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டான்.

சந்தனக்கனி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கம்பை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். அவன் முதலிலிருந்து குறித்தான். மறுநாள் டவுனுக்குப் போன இடத்தில் மக்ரூன் இனிப்புப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்து அடுப்படியில் வைத்தான், அதுதான் அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு. அவள் அதைப் பிரிக்கவில்லை, எறும்புகள் பிரித்துக்கொண்டன. அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று அவன் நினைத்தான்.

கொடையன்று பொழுது சாய்ந்ததும் ஊரே சாலையோரம் கூடியது. மேளம் நின்றது, இசக்கித்துரை ஆம்ப்ளிபயரின் குமிழைத் திருகினான், பெரிய அம்பாரத்தின் மேல் பச்சை ஒளியில் பனை உயரத்துக்கு அம்மன் எழுந்தாள், கையில் சூலம், காற்றில் ஆடுகிற முந்தானை. குலவைச் சத்தம் கடல்வரைக்கும் போனது. பூசாரி சொரிமுத்து சூடம் காட்டினார். தோளில் தட்டியவர்கள், கையைக் குலுக்கியவர்கள், அவனை ஒரு வருடமாக ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் எல்லோரும் வந்து "துரை, துரை" என்றார்கள். தலைகால் புரியாத சந்தோஷத்தில் அவன் ஆம்ப்ளிபயரை அணைத்தான்.

அம்மன் அணையவில்லை. லேசரின் மூடியைப் போட்டான், ஒயரைப் பிடுங்கினான். அம்பாரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு கை கடுத்தவள்போல் சூலத்தை மெல்ல இறக்கி உப்பில் சாய்த்து வைத்துவிட்டு, அந்தக் கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்படியே நின்றுவிட்டாள்.

விடிந்தால் வெயிலில் தெரியமாட்டாள், பொழுது சாய்ந்தால் கன்னத்தில் கையோடு வந்துவிடுவாள். ஊர் அதைப் பற்றி ரொம்பவெல்லாம் குழம்பவில்லை. பூசாரி சொரிமுத்து மறுநாளே விளக்கம் சொன்னார்: அம்மன் மழையைப் பற்றி யோசிக்கிறாள், மழை பிந்தினால் உப்புக்கு நல்லது, முந்தினால் ஊருக்கு நல்லது, எதைக் கொடுப்பது என்று புரியாமல் கன்னத்தில் கை வைத்திருக்கிறாள். கன்னத்துக்கை அம்மன் என்று பெயரும் வைத்தார். அதைக் கேட்டு, அளத்தில் வேலை வாங்குகிற கங்காணி அந்த அம்பாரத்தில் கூடை போடக்கூடாது என்றான். அளத்து முதலாளி, லாபத்தில் ஒரு குவியல் போனால் போகட்டும் புண்ணியம் வரட்டும் என்று அம்பாரத்தை அம்மன் பேருக்கு எழுதிவைத்துவிட்டு, சுற்றி வேலி போடச் சொன்னார். பல்வலிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அம்மன் கை வைத்திருக்கிற அதே பக்கத்துப் பல் என்றால் உடனே கேட்கும், மறுபக்கம் என்றால் கொஞ்சம் தாமதமாகும் என்று டீக்கடையில் வழி சொன்னார்கள். வேலியோரம் வீங்கிய கன்னங்களோடு ஒரு வரிசை நின்றது. அம்பாரத்து உப்பை ஒரு சிட்டிகை வாயில் அடக்கிக்கொண்டு, குணமாகி, தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்கள்.

அளத்துப் பெண்களும் வந்தார்கள். அவர்கள் தேங்காய் உடைக்கவில்லை, எதுவும் வேண்டிக்கொள்ளவுமில்லை. வேலை முடிந்ததும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அம்மனைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு நேரமாச்சு என்று எழுந்து போனார்கள். சந்தனக்கனி மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. பாத்தி வரப்பைச் சுற்றிக்கொண்டு, முள்காட்டு வழியாக வீட்டுக்குப் போனாள்.

இசக்கித்துரைக்கு ஊர் வெள்ளிக்கிழமைதோறும் முதல் மரியாதை கொடுத்தது. அம்மனைக் கொண்டுவந்தவன் அல்லவா. தலையில் பரிவட்டம் கட்டி, கழுத்தில் மாலை போட்டு, அம்பாரத்துக்கு எதிரில் நிறுத்தினார்கள். எதிரில் அவன் அடித்த அடி நின்றது. முதல் வெள்ளிக்கிழமை பரிவட்டம் நெற்றியை இறுக்கியது, கட்டியது சரியில்லை என்று நினைத்தான். இரண்டாவது வாரம் மாலையின் பூவெல்லாம் கழுத்தில் அரித்தது. அதற்கப்புறம் வியாழக்கிழமையே சோறு இறங்கவில்லை. வெட்கமென்றால் அவனுக்குத் தெரியும், சாவு வீட்டுக்குக்கூடக் கூப்பிடாதபோது பட்ட வெட்கம், மனைவி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிற வெட்கம்; அவையெல்லாம் யாராவது பார்க்கும்போது வந்து, பார்க்காதபோது போய்விடுகிறவை. இது அப்படி இல்லை. ஊர் கும்பிடக் கும்பிட இது வளர்ந்தது. காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பான், மாலை போடுகிறவர்களை என்ன செய்வது?

எந்திரத்தை உடைத்தான். கண்ணாடிகளைப் பெயர்த்துக் கழிமுகத்தில் எறிந்தான். அதற்கும் அவள் அணையவில்லை. வீட்டில் சந்தனக்கனி எப்போதும்போல் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். அவன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். ஒருநாள் மட்டும், "மழை வந்தா கரைஞ்சிரும்" என்றான். அவள், "எது?" என்றாள்.

ஐப்பசியில் மழை வந்தது. மற்ற அம்பாரங்களுக்கெல்லாம் ஓலை வேய்ந்தார்கள். அம்மன் முகத்தை மூடக்கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டதால் அந்த அம்பாரம் மட்டும் திறந்து கிடந்து நனைந்தது. இசக்கித்துரை தன் வீட்டு வாசலில் நின்று, கொட்டு, இன்னும் கொட்டு என்று வானத்தைக் கெஞ்சினான். அம்பாரம் கரைந்தது, பாதியானது, பாதியில் பாதியானது. ஆனால் அம்மன் மங்கவில்லை, இறங்கினாள். பனை உயரத்திலிருந்து வீட்டு உயரத்துக்கு, வீட்டு உயரத்திலிருந்து ஆள் உயரத்துக்கு. மழை விட்ட அன்று சந்தனக்கனியின் அதே உயரத்தில், அதே ஒடுங்கிய தோளோடு, சுமையில் ஒருபக்கம் சாய்ந்த அதே இடுப்போடு வேலிக்குப் பின்னால் நின்றாள். கன்னம் இப்போது எல்லோருடைய கண்ணுக்கும் நேராக இருந்தது. அம்மன் நம்மைப் பார்க்க இறங்கி வந்துவிட்டாள் என்று ஊர் பூரித்துப்போய், மேடை கட்டுவது என்று முடிவு செய்தது. மேடைக்குக் கால் நாட்டுகிற வெள்ளிக்கிழமை துரைக்குத் தனியாக மரியாதை கொடுத்தால் நன்றாயிருக்காது, சந்தனக்கனியையும் அழைத்துவந்து அம்மனுக்குப் பக்கத்தில் நிறுத்தி இருவருக்கும் மாலை போடுவது என்றும் முடிவு செய்தது.

பூசாரி வந்து வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போனதும் இசக்கித்துரை சொன்னான்: "ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிருதேன். நீ வர வேண்டாம்."

"ஊர் கூப்பிட்டா எப்படி வராம இருக்க? ஏன் வரலன்னு கேப்பாவ. நீங்க சொல்லுவியளா?"

அவன் வெற்றிலைத் தட்டை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்தினான்.

வெள்ளிக்கிழமை அவள் பட்டு கட்டிக்கொண்டு வருவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் அளத்திலிருந்து நேராக, முழுக்கைச் சட்டையோடு, காலில் காய்ந்த உப்போடு வந்தாள். பொழுது சாய்ந்தது. வேலிக்கு உள்ளே ஒளியாக ஒருத்தி, வெளியே உப்பாக ஒருத்தி. முதன்முதலாக அவள் அதை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலை தானாகக் குனிந்தது. அடித்தவனுக்கு வர வேண்டிய வெட்கமெல்லாம் அடி வாங்கினவளின் கழுத்தில் ஏறி உட்கார்ந்ததை இசக்கித்துரை கண்ணால் கண்டான். பூசாரி இரண்டு மாலையோடு நெருங்கினார்.

"சாமி, நில்லும்" என்றான் இசக்கித்துரை. பரிவட்டத்தை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். "இது அம்மன் இல்ல. எம் பொண்டாட்டி. மழைய யோசிக்கவுமில்ல, பல்லு வலிக்கவுமில்ல. நான் அடிச்சேன். நாளெல்லாம் உப்புச் சொமந்துட்டு வந்தவள நிக்க வச்சேன். கை கடுக்குன்னு கையக் கீழ போட்டா. அதுக்கு அடிச்சேன்."

பூசாரி இரண்டு மாலையையும் பக்கத்தில் நின்றவர் கையில் திணித்துவிட்டு, "அருள் வந்துட்டுடே! அம்மா துரை வாயால பேசுதா!" என்று கத்தினார். மேளம் முழங்கியது. இரண்டு பேர் ஓடிவந்து, சாமியாடியைத் தாங்குவதுபோல் அவனை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். நெற்றியில் விபூதி அப்பினார்கள்.

"அருள் இல்லய்யா! சொந்தப் புத்தியோடதான் சொல்லுதேன்! அடிச்சேன்யா!"

"ஆமா தாயி, ஆமா தாயி" என்று ஆண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவன் கத்தக் கத்த மேளம் கூடியது. இத்தனை நாள் சொல்ல முடியாமல் கிடந்ததைச் சொல்லியும், அதை யாரும் வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அவன் தலையிலேயே விபூதியாகக் கொட்டினார்கள். அவமானத்தில் அவனுக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்துவிட்டுக் குலவை போடுங்கம்மா என்றார் பூசாரி.

எந்தப் பெண்ணும் குலவை போடவில்லை. அளத்தில் எல்லோருக்கும் மூத்தவளான பேச்சித்தாய் கவிழ்த்துப் போட்ட கூடையிலிருந்து எழுந்து வந்து, அவனைப் பிடித்திருந்த கைகளை விலக்கினாள்.

"அவன விடுங்கடே. அருளுமில்ல, ஒண்ணுமில்ல. நெசத்தத்தான் சொல்லுதான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பூசாரி.

"எங்க எல்லாருக்கும் மொத நாளே தெரியும். கன்னத்துல கை வச்சா யோசிக்காளா, அடி வாங்கினாளான்னு எங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா பின்ன எதுக்கு இத்தன நாளு வந்து கும்பிட்டிய?"

"நாங்க எங்க கும்பிட்டோம்? ஒத்தையா நிக்காளேன்னு வந்து இருந்தோம்" என்றாள் பேச்சித்தாய்.

மேளக்காரர் கையை எடுத்துவிட்டார். ஆண்களில் ஒருவர்கூட இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. சிலர் தங்கள் வீட்டுப் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஓரக்கண்ணால் தேடினார்கள், தேடியவர்கள் கண்டுபிடித்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லாரி வரும், மாடு கட்டவில்லை, ஏதேதோ முணுமுணுத்தபடி நழுவினார்கள். பூசாரி மட்டும் விபூதிக் கையோடு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார்.

இசக்கித்துரை மனைவியிடம் வந்தான். விபூதியும் கண்ணீரும் குழைந்த முகம். இத்தனை பெண்கள் பார்க்க, அவள் காலில் விழப்போகிறவன்போல் குனிந்து, "என்னய மன்னிச்சிரு" என்றான்.

சந்தனக்கனி சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"நிமிருங்க. இத்தன பேரு முன்னால கேட்டா நான் எப்படி மாட்டேன்னு சொல்ல? வீட்ல வச்சுக் கேளுங்க."

அவள் முன்னால் நடந்தாள். இந்தத் தடவை முள்காட்டு வழியாக இல்லை, சாலை வழியாக. அவன் பின்னால் நடந்தான். டீக்கடையில் யாரும் இல்லை, பாய்லர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் முற்றத்தில் உட்கார்ந்து செம்புத் தண்ணீரை ஊற்றிக் காலில் இருந்த உப்பைக் கழுவினாள். அவன் நின்றான். கூட்டம் இல்லை, மேளம் இல்லை, மாலையும் இல்லை. ஊர் முன்னால் வாயைத் திறந்ததைவிட இப்போது திறப்பதுதான் அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது. அவள் ஒரு காலைக் கழுவி முடித்து அடுத்த காலுக்குப் போனாள்.

"என்னய மன்னிப்பியா?" என்றான்.

அவள் செம்பைக் கீழே வைத்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள், பூசாரி சொன்ன அம்மனைவிட அதிக நேரம் யோசித்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. இசக்கித்துரை அதைக் கேட்டுக்கொண்டான். தலையை ஆட்டினான். வாதாட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. "சரி" என்றான்.

அதே நேரத்தில் அளத்தில், வேலிக்கு எதிரில் இன்னும் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு முன்னால் அந்த ஒளி கன்னத்திலிருந்து கையை எடுத்தது, அணைந்தது. வெறும் உப்புக் குவியல் கிடந்தது. பேச்சித்தாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்கட்டி, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.